ரெண்டாவது கியர்

— மேனேஜரு சொன்னாரா, இல்ல ஒனக்கா தோணுச்சா? அத மொதல்ல சொல்லு சேகரு.

— மேனேஜருதான்ணே. "தனசேகரு, நீதான் சுப்புராயன் கூட இத்தன வருசமா மலை ரூட்ல கண்டக்டரா போற. நீ சொன்னா கேப்பாரு. நாளைக்கு வெசாரணைக்கு முன்னாடி அவரே மெடிக்கல் லீவு போட்டுட்டாருன்னா பேச்ச அதோட முடிச்சிக்கலாம். இல்லன்னா அப்பறம் ஸ்டியரிங்க தொட உட மாட்டாங்க"ன்னாரு. ரைட்டுன்னேன்.

— ரைட்டுன்னுட்ட.

— ஆமாண்ணே.

— ஒன்னாண்ட எவன் இன்னா சொன்னாலும் ரைட்டுதான். நாளைக்கு எமன் வந்து, ஏர்றா என் எருமையிலன்னாலும் ரைட்டும்ப.

— வெளையாடாதீங்கண்ணே. வண்டி எடுக்க இன்னும் நேரம் இருக்குது. ஜனங்க வர்றதுக்குள்ள பேசி முடிச்சிடலாம்.

— பேசு, யாரு வாணாம்னா. வண்டி பலா மரத்து நெழல்ல நிக்குது, ராஜாம்பா டீ போட்டுகினு இருக்குது, காத்து சும்மா சிலுசிலுன்னு வருது. இந்த வெள்ளிமலைக்கு வந்து குந்துனாதான் எனக்கு மூச்சே வருது. ராஜாம்பா, ரெண்டு டீ. எனக்கு ஒரு பொறையும் குடு.

— தோ ஆச்சு டிரைவரண்ணா. தண்ணி கொதிக்குது.

— அன்னிக்கு வளைவுல நடந்தத பத்திதாண்ணே பேசணும்.

— நீயே சொல்லு. ஒன் வாயால ஒரு தபா கேக்கறேன்.

— நாம ஏறிகினு இருந்தோம். எதுர மரவள்ளி லோடு லாரி எறங்குனான். நாயப்படி அவன்தான் வழி உடணும். ஆனா அவ்ளோ லோட வச்சிகினு அவனால பின்னால ஏத்த முடியாது. அதனால நீங்க ரிவர்ஸ் எடுத்தீங்க. நான் கீழ எறங்கி பின்னாடி போனேன். விசிலு ஊதனேன். நீங்க நிறுத்தல. பின் பம்பரு ரோட்டோர வெள்ளக் கல்ல தள்ளி, கல்லு பள்ளத்துல உருண்டுது. அப்பறந்தான் பிரேக் மிதிச்சீங்க. பின்சீட்டு பொம்பளைங்க கத்துனாங்க. முன்சீட்டுல வந்த வாத்தியாரு டிப்போவுக்கு போன் பண்ணிட்டாரு. அவ்ளோதாண்ணே.

— அவ்ளோதானா.

— மேனேஜரு கேட்டப்ப நீங்களேதான ஒத்துகினீங்க, "ஆமா சார், விசிலு காதுல வுழல"ன்னு.

— ஒத்துகினேன்.

— அதாண்ணே மேட்டரு. காது நல்லாதான் இருக்குது ஒங்களுக்கு. மனசுதான் வேற எங்கியோ இருக்குது. போன மாசம் டிப்போவுல ஒரு மேடம் வந்து மனசப் பத்தி பேசுனாங்க, கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலேந்து. நீங்க வரல.

— எப்டி வருவேன்? அன்னிக்கு எனக்கு ரெஸ்ட்டு. கோமுகி அணையில தூண்டி போட்டுகினு குந்தியிருந்தேன்.

— மீனு கெடச்சுதா?

— நீ மீனுக்கா கேட்ட? கேக்கணுமேன்னு கேட்ட. பழைய சேகரா இருந்தா, "என் பங்கு எங்கய்யா"ன்னு சட்டைய புடிச்சிருப்பான். சரி உடு. அந்த மேடம் இன்னா சொன்னாங்க?

— ரெண்டு வெதம்னாங்க. ஒண்ணு டென்ஷன். வேல ஜாஸ்தி, வூட்டுப் பிரச்சன ஜாஸ்தி, எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்கும். அப்ப கோவம் வரும், வவுறு எரியும், தூக்கம் கெடும், சும்மாவே படபடன்னு வரும். ஆனா இந்த ஒரு கஷ்டம் தீந்துட்டா சரியாப் போயிடும்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருக்குமாம். நாலு பேராண்ட சொன்னா, ரெண்டு நாளு நல்லா தூங்கி எழுந்தா, கம்மியாவுமாம்.

— ரெண்டாவது?

— அதுக்கு ஒரு பேரு சொன்னாங்க, பர்ன்அவுட்டுன்னு. வருசக்கணக்கா அந்த டென்ஷன்லயே கெடந்தா கடைசில அங்க போயி வுடுமாம். அதுல கோவமும் வராது, படபடப்பும் வராது. வேலைக்கு வருவான், போவான், துன்னுவான், ஆனா எதுலயும் ஒட்டு இருக்காது. எவன் செத்தா இன்னா, எவன் பொழச்சா இன்னான்னு ஆயிடும். ரெண்டு நாளு லீவு குடுத்தா மூணாம் நாளும் அப்டியேதான் இருப்பானாம். வெளிய பாக்கறவங்களுக்கு ஆளு அமைதியாயிட்டாப்ல தெரியுமாம். அதனால அத சீக்கிரம் கண்டுபுடிக்க முடியாதுன்னாங்க.

— பள்ளிக்கூடத்துப் புள்ள பாட்டு ஒப்பிக்கறாப்ல சொல்ற.

— கேட்டத சொல்றேண்ணே. ஒங்களுக்கு மொத வெதம். இப்பவே புடிச்சிக்கலன்னா ரெண்டாவதுல போயி உட்டுடும்.

— எனக்கு டென்ஷன்னு கண்டுபுடிக்க மேடம் எதுக்கு சேகரு? எங்க வூட்டு ஆடு மாட்ட கேட்டா சொல்லும். கச்சிராயபாளையம் தாண்டி, அணையத் தாண்டி, மொத வளைவுல வண்டி மூஞ்ச தூக்குச்சின்னா என் வவுத்துல அடுப்பு பத்திக்குது. மேல ஏர்ற வரைக்கும் எரியும். தேனு எடுக்கப் போறவன் தலைக்கு மேல ஈ சுத்தறாப்ல, ஏதாவது ஒண்ணு காதுல சொல்லிகினே இருக்கும். டயரு நல்லாருக்குதா, எதுர எவன் வர்றான், மழ வந்தா மண்ணு சரியுமே, பின்னாடி ஏறுன கெழவன் படியிலேந்து உள்ள போயிட்டானா. ராத்திரி படுத்தாக்கூட கால்ல பிரேக்க மிதிச்சிகினு கெடப்பேன். ஆண்டாளு அந்தாண்ட திரும்பிப் படுத்துகினு, "பஸ்ஸ டிப்போவுல உட்டுட்டு வாய்யா"ம்பா.

— அதாண்ணே சொல்றேன். போன வாரம் ஆடு மேய்க்கறவங்கிட்ட எறங்கிப் போயி சண்ட போட்டீங்க. அதுக்கு முந்தி அந்த காலேஜி பசங்கள படியிலேந்து எறக்கி உட்டு நடக்க வச்சீங்க. பதறாத காரியம் செதறாதுண்ணே.

— படியில தொங்குனானுங்க. வுழுந்தா அவன் ஆத்தாளுக்கு நீயா பதிலு சொல்லுவ? கத்துனேன். கத்திட்டு, அடுத்த வளைவுல போனு சிக்னலு கெடைக்கற எடத்துல நிறுத்தி, ஆண்டாளுக்கு போன் போட்டேன். "மேல ஏறிட்டேன்டி"ன்னேன். "ஏறிட்டன்னா நான் இன்னா மேளம் வச்சா அனுப்பறது, வரும்போது கடுக்கா வாங்கியா"ன்னா. அவ ஒரு வார்த்த பேசுனாவே என் வவுத்து எரிச்சல் பாதி எறங்கிடும். மீதிய அடிவாரத்துல அம்மனுக்கு சூடம் கொளுத்தி எறக்குவேன். அப்பவும் மிச்சம் இருந்தா அணைக்கரையில தூண்டி. இப்டித்தான் என் பொழப்பு ஓடுது, கேட்டுக்க.

— இதோ டீ. டிரைவரண்ணா, இது ஒங்களுக்கு, பொற இதுல இருக்குது. கண்டக்டரு, இந்தாங்க.

— ரைட்டு.

— கண்டக்டரு முன்னெல்லாம் என்னாண்ட எப்டி சண்ட புடிப்பாரு, ஞாபகம் இருக்குதா டிரைவரண்ணா? கடுக்கா மூட்டைய உள்ள ஏத்துனா, "மூட்டைக்கு சீட்டு, ஆளுக்கு கூரையா"ன்னு ஆட்டமா ஆடுவாரு. ஆடிட்டு அவரே தூக்கி உள்ள வப்பாரு. இப்பல்லாம் ஒண்ணுமே சொல்றதில்ல. நாம பாட்டுக்கு எத வேணா ஏத்தலாம், எங்க வேணா எறங்கலாம். தங்கமான மனுசனாயிட்டாரு.

— கேட்டியா சேகரு? தங்கமாயிட்டியாம்.

— அவங்க சொல்றாங்க. இன்னாண்ணே, அப்ப லீவுக்கு எழுதித் தர்றீங்களா?

— இரு. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. மலையிலேந்து எறங்கும்போது வண்டிய எந்த கியர்ல உட்றேன்?

— ரெண்டாவது கியர்லதான். அது எதுக்குண்ணே இப்ப?

— ரெண்டாவதுல எறங்குனா வண்டி எப்டி இருக்கும்?

— கத்தும்.

— இன்ஜினு தொண்ட கிழியற மாரி கத்தும். ஜன்னலு ஆடும், சீட்டு ஆடும், புள்ளத்தாச்சிங்க திட்டுவாங்க. புதுசா ஏறுனவன், வண்டி ஒடஞ்சிடுமோன்னு மூஞ்ச மூஞ்ச பாப்பான். ஆனா அந்த கத்தறதுதான் வண்டிய புடிச்சிகினு இருக்குது. இப்ப நியூட்ரல்ல தட்டி உட்டா?

— சத்தமே இருக்காது.

— இருக்காது. சும்மா எண்ணெயில உட்டாப்ல வழுக்கிகினு போவும். காத்து காதுல உய்யுங்கும். உள்ள இருக்கறவன், "இன்னாமா ஓட்றாரு டிரைவரு"ன்னு கண்ண மூடிகினு தூங்குவான். மலையில எந்த வண்டி பள்ளத்துல வுழுந்துதுன்னு நீ பாத்திருக்க. கத்திகினு எறங்குன வண்டியா வுழுந்துது? சத்தம் போடாம எறங்குனதுதான் வுழுந்துது. பிரேக்கு ஒண்ணுதான் அத புடிக்கணும், அதுவும் எத்தினி நேரம் புடிக்கும்?

— ரைட்டு. இன்னா சொல்ல வர்றீங்க?

— நான் ரெண்டாவது கியர்ல ஓடிகினு இருக்கறேன் சேகரு. வவுறு எரிஞ்சிகினு, வாய் கத்திகினு. நான் கத்தறேன்னு நீ லீவு போடச் சொல்ற. அது கெடக்குது. ஒன் சங்கதிய சொல்லு. ஒனக்கு எப்டி?

— எனக்கு எந்த டென்ஷனும் இல்லண்ணே.

— சுத்தமா?

— சுத்தமா. முன்ன இருந்துது. எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்கல்ல, அப்ப. டூட்டி முடிச்சி தியாகதுருகம் போயி, அவங்களுக்கு ஒடம்பு தொடச்சி, கஞ்சி ஊத்தி, துணி தொவச்சி, மறுபடி விடியறதுக்குள்ள கெளம்பி வரணும். அந்த நேரம் பாத்து மலைக்கு வேற கண்டக்டரு வரமாட்டேன்னுட்டானுங்க. எல்லாத்தயும் நானே பாத்தேன். அப்ப ஒரு நாளு பஸ்ஸுலயே அழுதுட்டேன், ஒங்களுக்கு நெனப்பு இருக்கும்.

— இருக்குது. நடுரோட்ல வண்டிய நிறுத்திட்டு ஒன் பக்கத்துல வந்து குந்துனேன். ஜனங்கள்ளாம் சும்மா இருந்தாங்க. ஒருத்தரும் லேட்டுன்னு சொல்லல.

— இப்ப அது எதுவும் இல்ல. அம்மா போயாச்சி. வூட்டுக்காரி அம்சவள்ளியும் ஓசூர்ல பையன் வூட்டோட போயிட்டா. வூட்ல நான் மட்டுந்தான். கத்தறவங்க யாரும் இல்ல, கேக்கறவங்களும் யாரும் இல்ல. படுத்தா படுத்துகினு இருப்பேன். தூக்கம் வந்தாலும் ஒண்ணுதான், வரலன்னாலும் ஒண்ணுதான்.

— அம்சவள்ளி போன் பண்ணுதா?

— பண்ணுவா. அடிக்கும்.

— எடுக்க மாட்டியா?

— எடுத்து இன்னாண்ணே பேச? துன்னியாம்பா. துன்னேன்னு சொல்லணும். அது அவளுக்கே தெரியும். அடிச்சி நிக்கட்டும்னு பாத்துகினு இருப்பேன்.

— அந்தப் பொண்ணு போன வாரம் எனக்கு போன் போட்டுது. "அண்ணா, அவரு எம்மேல கோவமா"ன்னு கேட்டுது. இல்லம்மான்னேன். "கோவமா இருந்தாக்கூட பரவால்ல அண்ணா"ன்னு அழுதுது. அத ஒன்னாண்ட சொல்ல எனக்கு வாயி வரல.

— அழுதாளா.

— அழுதுதுன்னு சொல்றேன். ஒனக்கு ஒண்ணும் இல்லியா?

— பாவம்தான்.

— அத ஊரான் வூட்டு சங்கதி மாரி சொல்ற.

— இன்னாண்ணே பண்ணச் சொல்றீங்க? மனசுல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்குது. பஸ்ஸுல ஏறுனா எண்பது பேரு. எல்லாரும் என் கையதான் பாக்கறாங்க, டிக்கெட்டு கெடைச்சா மொகத்த அந்தாண்ட திருப்பிக்கறாங்க. முன்ன அது எனக்கு கஷ்டமா இருக்கும், வேணும்னே ஏதாவது வம்பு பேசி சிரிக்க வப்பேன். இப்ப அதுவும் இல்ல. நானும் கையதான் பாக்கறேன். நாளு ஓடிப்போவுது.

— ஐயோ கண்டக்டரு, அந்த டீய குடுங்க. ஒங்க டம்ளாருக்கு சக்கரயே போடல நான். இப்பத்தான் டப்பாவ பாத்தேன்.

— பரவால்லம்மா. குடிச்சிட்டேன்.

— முழுசுமா? வாயில வச்சதும் தெரிலயா? நாலு கரண்டி போட்டாவே பத்தலம்பீங்க.

— தெரில. நல்லாத்தான் இருந்துது.

— ராஜாம்பா, நீ போயி கடைய பாரு. ஒரு பேச்சு பேசிகினு இருக்கறோம்.

— சரிங்க டிரைவரண்ணா. ஜனங்க வர ஆரம்பிச்சாச்சி, அதயும் பாத்துக்கங்க.

— பாத்துக்கறேன். சேகரு, அந்த மேடம் ஒன்னாண்ட தனியா ஏதாவது பேசுனாங்களா?

— ஒண்ணும் இல்ல. எல்லாரும் கெளம்பறப்ப என்ன மட்டும் கொஞ்சம் இருங்கன்னாங்க. டூட்டி இருக்குதுன்னு வந்துட்டேன்.

— அத்தன பேர்ல ஒன்ன மட்டும் எதுக்கு இருக்கச் சொன்னாங்கன்னு நீ யோசிக்கல?

— இல்லண்ணே.

— நான் ஒன்னாண்ட அன்னிக்கே இத பேசியிருக்கணும். ஒங்கம்மாவுக்கு பால் தெளிச்ச மறுநாளு காலையில நீ காக்கிய போட்டுகினு வந்து நின்ன. "சேகரு, காரியம் முடியற வரைக்கும் வூட்ல இருடா"ன்னேன். "வூட்ல இருந்து இன்னா பண்றது, டூட்டிக்கு ஆளு இல்லன்னு சொன்னாங்க, ரைட்டுன்னேன்"ன்ன. அழுவ கூட இல்ல. சரி, தைரியமா இருக்கறான்னு நெனச்சேன். அன்னியிலேந்துதான் ஒன் சத்தம் நின்னு போச்சி. "ஏறு ஏறு, உள்ள போ, வெல்லக்கட்டி மாரி படியில ஒட்டாத"ன்னு கத்துவியே, அது நின்னுது. ஒவ்வொரு வூட்டு சங்கதியும் வச்சி நக்கலு பண்ணுவியே, அது நின்னுது. கடைசியில விசிலும் நின்னுது.

— விசிலு எங்கண்ணே நின்னுது? வாயிலதான இருக்குது நாள் பூரா.

— வாயிலதான் இருக்குது. பொங்கலுக்கு அப்பறம் நீ பாதி நிறுத்தத்துல ஊதறது இல்ல. ஒனக்கே அது தெரியாது. ஆளு எறங்கிட்டானா, ஏறிட்டானான்னு நானே கண்ணாடிய பாத்து வண்டிய எடுக்கறேன். ஒரு கண்ணு ரோட்ல, ஒரு கண்ணு படியில. என் வவுறு எதுக்கு இவ்ளோ எரியுதுன்னு இப்பவாவது தெரிஞ்சிதா? நான் டிரைவரு டூட்டி மட்டும் பாக்கல சேகரு.

— இத நீங்க சொல்லவே இல்லியேண்ணே.

— இன்னான்னு சொல்றது? பதினாலு ஊரு ஜனத்த வச்சிகினு, "என் கண்டக்டரு விசிலு ஊத மாட்டேங்கறான்"னு சொன்னா ஒன்ன உடனே எறக்கிடுவாங்க. எறக்கிட்டா நீ எங்க போவ? அந்த தியாகதுருகத்து வூட்ல, போனு அடிச்சி நிக்கறத பாத்துகினு தனியா குந்தியிருப்ப. அத நெனச்சாலே எனக்கு தூக்கம் வராது. இந்த பஸ்ஸுல இருந்தா எங்கண்ணு முன்னாடியாவது இருப்பியேன்னு உட்டுட்டேன். அது என் தப்பு. கூட இருந்தா போதும்னு நெனச்சேன்.

— வளைவுல நான் ஊதனேண்ணே. அது நல்லா தெரியும். இத்தன வருசமா ரிவர்ஸுக்கு எறங்கி நிக்கறேன், ஊதாம இருப்பனா?

— ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டரு எங்க நிக்கணும்?

— டிரைவரு சைடுல, கண்ணாடில தெரியற மாரி. வண்டிக்கு நேர் பின்னால நிக்கவே கூடாது. வழி இருந்தா விட்டு விட்டு ஊதணும். நிறுத்தணும்னா ஒரே ஊது, நீளமா.

— அன்னிக்கு நீ எங்க நின்ன?

— சைடுலதான்.

— இல்ல.

— பின்ன எங்கண்ணே நின்னேன்?

— சொல்றேன், கேட்டுக்க. நீ எறங்கிப் போன. லாரிக்காரன் ஹாரன அடிச்சிகினே இருந்தான். ஒன் விசிலு கேக்கல. அவன் ஹாரன்ல அமுங்கிப் போச்சின்னு நெனச்சி கொஞ்சம் கொஞ்சமா பின்னால உட்டேன். உட்டுகினே கண்ணாடிய பாக்கறேன், ஒன் காக்கி சட்டைய காணும். மேடம் சொன்ன அந்த டென்ஷனு, அதான் என் கால மிதிக்க வச்சிது. மிதிக்கறதுக்கும் கல்லு உருள்றதுக்கும் சரியா இருந்துது.

— அப்பறம்?

— ஹேண்டு பிரேக்க இழுத்துட்டு பின்னாடி ஓடியாந்தேன். நீ வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல நின்னுகினு இருந்த. பின்பக்கத் தகரம் ஒன் சட்ட பட்டன்ல ஒரசிகினு இருந்துது. ஒன் செருப்புக்கு பின்னால ரோடு இல்ல. விசிலு வாயிலதான் இருந்துது. நான் ஒன் கைய புடிச்சி இழுத்தேன். நீ இன்னா சொன்ன தெரியுமா?

— தெரிலண்ணே.

— "ரைட்டு, போலாம்ணே"ன்னு சொன்ன.

— ரைட்டுன்னா சொன்னேன்?

— அன்னிக்கு ராத்திரி ஆண்டாள் மடியில படுத்து அழுதேன் சேகரு. கலியாணம் ஆயி இத்தன வருசத்துல அவ அத பாத்ததே இல்ல. பயந்துட்டா. மேனேஜரு கேட்டதும், விசிலு காதுல வுழலன்னு நானே சொல்லிட்டேன். ஊதுனாதான வுழும், ஆனா அத எப்டி சொல்றது?

— அண்ணே, என்னால ஒங்களுக்கு…

— என்னால ஒன்னாலன்னு பேச வாணாம். நான் அந்த மேடத்துக்கு போன் பண்ணிட்டேன். ஒன் பேரு சொன்னதும், "அந்த கண்டக்டரா, அவர எப்டியாவது கூட்டியாங்க"ன்னாங்க. நாளைக்கு காலையில நாம ரெண்டு பேரும் போறோம். அங்கேந்து நேரா வெசாரணைக்குப் போயி, ரெண்டு பேருக்குமே லீவு வேணும்னு கேக்கறேன். இன்னிக்கு நீ தியாகதுருகம் போவ வாணாம், எங்க வூட்ல படுத்துக்க. ஆண்டாளு ஒன்ன திட்டிகினே சோறு போடுவா. அம்சவள்ளிக்கும் சொல்லிட்டேன், நாளைக்கு பஸ்ஸு ஏறுது.

— டிரைவரண்ணா, ஜனங்கள்ளாம் ஏறிட்டாங்க. கடுக்கா மூட்டைய பின்னாடி வச்சிட்டேன்.

— வர்றோம் ராஜாம்பா. சேகரு, அந்த விசில கழட்டி என்னாண்ட குடு. இன்னிக்கு வளைவுல எதுர எவன் வந்தாலும் நான் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன், அவன எடுக்கச் சொல்றேன். நீ என் பக்கத்துல, இன்ஜினு மேல குந்திகினு வா. எறங்கற வரைக்கும் ரெண்டாவது கியரு கத்தும், அத கேட்டுகினு வா, போதும்.

— இந்தாங்கண்ணே.

— மனச போட்டு ஒழப்பிக்காத. தூக்கம் இல்லாத ஒடம்பு, ஒரு நிமிசம் கண்ணு இருட்டியிருக்கும். அந்த ஹாரன் சத்தத்துல வண்டி வந்தது ஒனக்கு கேட்டிருக்காது. அவ்ளோதான், எழுந்திரு.

— கேட்டுதுண்ணே.

— இன்னா?

— கண்ணும் இருட்டல, இப்ப நெனப்பு வருது. வண்டி கல்ல தள்றத பாத்துகினுதான் நின்னேன். நவுரணும்னுதான் தோணல.